மஞ்சள் வைத்த சான்றிதழ்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில், வீட்டிலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வழிகாட்டுகிறேன். "பதறாதீங்க" என்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தில் நானே ஃபெயில்.

அன்று காப்பார் ஊர் மாணவி ஒருத்தியைப் பதிவுக்குக் காரில் அழைத்துப் போனேன். வேதியியல் பட்டப்படிப்பு. பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. வழியில் மேருவில் பெட்ரோல் போட நின்றபோது, "ஒருவாட்டி பாத்துக்குவோம் லா" என்று கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள். போதாதென்று அடையாள எண்ணின் மேலேயே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு.

"அம்மாவுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, ஒரிஜினல சாமி ரூம்ல வச்சா தொலையாதுன்னு?"

சொன்னேன்தான்.

"விடுங்க சார், நம்பர் தெரியுது."

நான் விடுகிற ஆளா? தாளைப் பிடுங்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். விரலில் துளி சோப்பு, ஒரு தேய். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. இருபது வருடமாக டியூஷன் பிள்ளைகளுக்கு இதே சோதனையைச் செய்துகாட்டிக் கைதட்டு வாங்கியவன் நான்.

வெளியே வந்து காட்டினேன். அவள் தாளை வாங்கி ஊதிக் காயவைத்தாள். வழியெல்லாம் நெரிசல், அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

பதினொன்றே முக்காலுக்கு எங்கள் முறை. முகப்பில் இருந்த மலாய் அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன இது, ரத்தமா?" என்றார் மலாயில்.

வழியில் மூன்று பொய் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள். பிறகு நிதானமாக மலாயில் சொன்னாள்: அம்மா ஆசீர்வாதமாக மஞ்சள் வைத்தார், அதில் சோப்புப் பட்டது, சோப்பு காரம், அதனால் சிவந்துவிட்டது.

"சோப்புப் போட்டது யார்?"

"என் கெமிஸ்ட்ரி சார்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, எண்ணைக் கணினியில் ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினார். திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி திரை.

முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும்தான் எனக்கு மூச்சும் மூளையும் திரும்பின. "எலுமிச்சம்பழம் தேச்சா மறுபடி மஞ்சளாயிரும் தெரியுமா? கடையில ஒண்ணு வாங்கி..."

அவள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"சார், நீங்க கார எடுங்க. போதும்."