சொன்னபடியே ஆனவர்

இடது கையில் தட்டையான தலையுள்ள ஓர் ஆணி. அதன் தலையில் சின்னதாக வெட்டிய காகிதம். வலது கையில் கிரீம் நிரப்பிய கூம்புப் பை. ஆணியை விரல்களுக்கிடையே அவர் உருட்ட உருட்ட, பையிலிருந்து இதழ் இதழாக இறங்கி ஒரு ரோஜா உட்கார்ந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தெருவில் நின்றிருந்த பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜாவைக் காகிதத்தோடு எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த காகிதத்தை ஒட்டினார்.

நான் அவர் வீட்டுச் சாவி வாங்குவதற்காகப் போய் நின்றிருந்தேன். அவருடைய அம்மா இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தியிருந்தார்கள்.

அவர் வேலை பார்த்த பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் மேசை வாசலை ஒட்டி, ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. கிரீம் உருகாமலிருக்க உள்ளே ஏசி ஓடும். அது முதலாளியின் யோசனை. தெருவில் போகிற பிள்ளைகள் நின்று பார்க்கும், பார்த்தால் அழும், அழுதால் யாராவது வாங்கித்தர வேண்டிவரும். அன்றும் ஒருவர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த மாமாவைப் பாருடி. உன் வயசுலயே கேக் மாஸ்டர் ஆகப்போறேன்னு சொன்னாராம். ஆயிட்டாரு பாத்தியா? நீ என்னடான்னா காலையில டாக்டர்ங்கிறே, சாயங்காலம் பலூன் விக்கப்போறேங்கிறே.”

மாஸ்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தார். கையசைப்பதும் வேலையில் சேர்த்தி.

முதல் நாள் உடம்பு துடைத்துவிடும்போதே அவருடைய அம்மாள் எனக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அதைச் சொல்லுவாராம்.

“பக்கத்து வீட்டுல ஒரு பிள்ளைக்குப் பிறந்த நாள். எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, பெரிசானா என்ன ஆகப்போறீங்கன்னு கேட்டாங்க. என் மூத்தவன் போலீஸ்னான். இப்பச் செருப்புக் கடையில ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் அளந்துக்கிட்டிருக்கான். பொண்ணு ஜட்ஜ்னா. டிக்கெட் கவுண்டர்ல உக்காந்து சில்லறை இல்லேன்னு தீர்ப்பு சொல்றா. கடைக்குட்டி சர்க்கஸ்ல சேருவேன்னான். ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறான். கேட்டா, ரெண்டும் கயித்து மேல நடக்கிற வேலைதாம்மாங்கிறான். இவன் ஒருத்தன்தான் சிஸ்டர், ‘இந்தக் கேக்கைச் செய்றவரா ஆவேன்’னான். ஆனான்.”

அன்றைக்கே வீட்டில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூட விடுமுறைகளில் தெருக்கோடி பேக்கரிக்குத் தட்டு கழுவ அனுப்பினார்கள். படிப்பு முடிந்ததும் அங்கேயே விட்டார்கள். இப்போது அவருக்கு ஐம்பது வயது. விடிவதற்கு முன் போனால் மதியம் தாண்டித்தான் வருவார். அந்த நேரக்கணக்குக்கு ஒத்துவரும் பெண் அமையவில்லை என்று அம்மாள் சொன்னார். அவர் தேடினாரா என்று நான் கேட்கவில்லை.

வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். டீயில் சர்க்கரை போட விடமாட்டார். பிறகு நான் கூப்பிட்டால் வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஒத்தாசை செய்வார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, நல்ல பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். ஒருமுறை சொன்னதோடு சரி, வெடுக்கென்று இழுக்காமல் பிடிப்பார்.

ஒரு நாள் மாஸ்டர் வந்த பிறகு முதலாளியே வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நான் மகள் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். வயசாச்சு. கடையை உங்க பையன் எடுத்துக்கட்டும். கட்டடக்காரர் பத்து வருஷ வாடகைக்கு அவன் பேர்லயே எழுதித் தரேங்கிறாரு. நாளைக்குக் காலையில கையெழுத்து. இவன் வேணாம்னா செல்போன் கடைக்காரன் வாசல்லயே நிக்கிறான். இடத்தை அவனுக்குக் கொடுத்துட்டு அடுப்பை அணைச்சுடுவேன்.”

“இவனாவது வேணாங்கிறதாவது!” என்றார் அம்மாள். வலியை மறந்து தலையைத் தூக்கப் பார்த்தார். “கேட்டீங்களா சிஸ்டர்? முதலாளி ஆகப்போறான்!”

மாஸ்டர் வாசற்படியில் நின்று தலையாட்டினார். முதலாளி போனதும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். வெந்நீருக்காக நான் பின்னாலேயே போனபோது, கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், நீங்க இந்த வேலைக்கு எப்ப வந்தீங்க?”

“நாப்பது தாண்டி. எங்க வீட்டுக்காரரு படுத்துட்டாரு. பாத்துக்கிறதுக்குப் பயிற்சி எடுத்தேன். அதுக்கு முன்னாடி சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருந்தேன்.”

“எது பிடிச்சுது?”

“இதுதான். பட்டன் பேசாது.”

அவர் சிரிக்கவில்லை. குழாயை மூடினார்.

“ஏழு வயசுப் பையன் ஒருத்தன் எடுத்த முடிவுக்கு நான் இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கேன் சிஸ்டர். இன்னும் பத்து வருஷத்துக்கு அவனுக்காகக் கையெழுத்துப் போடணுமாம்.”

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

“அம்மாகிட்டயா? படுத்திருக்காங்களே.”

“இடுப்புதான் உடைஞ்சிருக்கு. காது நல்லாத்தான் இருக்கு.”

“கை வலிக்குதுன்னு சொல்லிடவா?”

“சொன்னா தைலம் தேய்க்கச் சொல்லுவாங்க. தினமும் கை எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நீங்களும் தினமும் வலிக்குதுன்னு சொல்லணும். முடியுமா?”

முடியாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அம்மாளைத் திருப்பினோம். அவர் முகம் சுவரைப் பார்க்க இருந்தது. மாஸ்டர் பின்னாலிருந்து தோளையும் தொடையையும் தாங்கிப் பிடித்திருந்தார். முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

“அம்மா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது, சொன்னா இன்னொரு துண்டு கொடுப்பாங்கன்னு.”

அம்மாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். “கொடுத்தாங்கல்ல?”

“கொடுத்தாங்க.”

“எனக்குத் தெரியும்டா. பக்கத்துல நான்தானே நின்னேன். கேள்வி கேட்டவங்களையா பார்த்தே? கேக் தட்டைத்தானே பார்த்துக்கிட்டிருந்தே.”

மாஸ்டரின் பிடி தளர்ந்தது. “கெட்டியாப் பிடிங்க” என்றேன். பிடித்தார்.

“தெரிஞ்சுமா அனுப்பினே?”

“உங்கப்பா சட்டை மாத்துற மாதிரி வேலையை மாத்துவாரு. வீட்டுல நாலு பிள்ளைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல சின்னப் பையனைச் சேத்துக்குவாங்களா? சர்க்கஸ் நம்ம தெருவுலயா இருந்துச்சு? பேக்கரி தெருக்கோடியில இருந்துச்சு. உன் வாயில அந்தப் பேரு வந்துச்சு, நான் பிடிச்சுக்கிட்டேன். ஒருத்தனாவது ஒரே இடத்துல நிக்கட்டும்னு.”

“நின்னுட்டேம்மா.”

“நின்னுட்டே. அதை யாரு இல்லேன்னா?” அம்மாளின் குரலில் கோபமில்லை. “சரி, இப்பச் சொல்லு. உனக்கு என்னதான் ஆகணும்?”

நான் தலையணையைச் சரியாகச் செருகிவிட்டேன். மாஸ்டர் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவருடைய அண்ணனையும் அக்காவையும் தம்பியையும் எத்தனையோ பேர் இந்தக் கேள்வி கேட்டிருப்பார்கள். அவர்களும் ஆளுக்கேற்ப மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பார்கள். இவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பதில்தான் ஊருக்கே தெரியுமே.

“தெரியலம்மா.”

“ஏதாவது ஒண்ணு சொல்லேன்.”

“ஒண்ணும் தோணல.”

“அப்பக் கையெழுத்தைப் போடு. தோணும்போது பாத்துக்கலாம்” என்றார் அம்மாள், தூக்கத்தில் எழுந்த பிள்ளையை மறுபடி படுக்கச் சொல்வதுபோல.

அம்மாளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு மாஸ்டர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். என் நேரம் முடிந்திருந்தது. நான் புறப்படும்போது எனக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது மாஸ்டர் வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் அவரை அங்கே நான் பார்த்ததே இல்லை. முன்னறையில் பாயில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. தலைமாட்டில் போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

“டேய் மாஸ்டர், போனை எடுடா!” என்று உள்ளேயிருந்து அம்மாள் சத்தம் போட்டார்.

எழுந்து உட்கார்ந்து எடுத்தார். முதலாளியின் குரல் எனக்கே கேட்டது.

“எங்கடா இருக்கே? கட்டடக்காரர் வந்து காத்துக்கிட்டிருக்காரு.”

“எனக்குக் கடை வேணாம் முதலாளி.”

“என்னது? வேற எங்கயாவது சேரப்போறியா?”

“இல்ல.”

“பின்னே என்ன பண்ணப்போறே?”

“தெரியல. ஆனா வேணாம்.”

முதலாளி கத்த ஆரம்பித்தார். மாஸ்டர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தல் அடங்கியதும் மறுபடி காதில் வைத்தார். “ஆமா. தெரியும். அந்த ஆர்டர்தானே? சரி. அடுப்பு எரியிற வரைக்கும் வரேன்.”

குளித்தார். ஈரத் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“என்ன சொன்னே அவர்கிட்ட?” என்றார் அம்மாள்.

“வேணாம்னு சொல்லிட்டேம்மா.”

மாஸ்டர் குனிந்து செருப்பைத் தேடினார்.

“வேணாம்னுட்டு இப்ப எங்கடா போறே?”

“மதியத்துக்கு ஒரு கேக் சொல்லியிருக்காங்க. முடிச்சுக் கொடுத்துட்டு வரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, துடைக்கத் துணியும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“டீ கூடக் குடிக்காமப் போறான் சிஸ்டர்” என்றார் அம்மாள்.

“வேணும்னா வழியில குடிச்சுக்குவாரு. நீங்க கையைத் தூக்குங்க” என்றேன்.