ஒரு செபமாலை தூரம்

நேற்று என் பாப்பாவுக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தபோது சாலைமுனையிலிருந்து “மரியே வாழ்க” என்று ஒலிபெருக்கி கேட்டது. ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால், வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவி உடையில் கடலூரில் எங்கள் செம்மண்டலத்தைத் தாண்டிப் போவார்கள். ஜன்னலைத் திறந்தேன். தூசி வருமே என்று மூடினேன். சத்தமாவது கேட்கட்டும் என்று பாதி திறந்தேன். எல்லாவற்றையும் நான் இப்படித்தான் செய்கிறேன். அந்தப் பாதியில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. நடக்கிறவர்கள் காலில் தடவிக்கொள்வது.

பன்னிரண்டு வயதில் என் காலிலும் அந்த எண்ணெய்தான். எனக்கும் அப்போது வீசிங். மூச்சு சரியானால் மகள் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை செருப்பில்லாமல், வண்டியில் ஏறாமல் நடப்பாள் என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நடக்கவேண்டியவளை யாரும் கேட்கவில்லை. மூச்சு சரியாகிவிட்டது. சிதம்பரத்துக்கு அப்பால் பஸ்தான். அம்மாவின் நேர்ச்சையில் அந்த அளவுக்குக் கருணை இருந்தது.

வெளுக்கும் முன்பே கடலூர் முதுநகரில் கிளம்பினோம். ஆலப்பாக்கம் வரை நான் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் ஓடினேன். வழியெல்லாம் புளியமர நிழல். நிழல் விட்டுப்போன ஓரிடத்தில், எங்கள் கால் சுடக் கூடாது என்று ஊர்ப் பெண்கள் குடம்குடமாக ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யக்கா, எம் பேரச் சொல்லி ஒரு மெழுவத்தி ஏத்திடுங்க. செல்வின்னா மாதாவுக்குத் தெரியும்.”

அம்மா மறக்காமல் ஏற்றினார். எந்தச் செல்வி என்று மாதா குழம்பியிருப்பாரோ என்ற கவலை எனக்கு அப்போதே இருந்தது.

எங்கள் கூட்டத்தில் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது. புதுச்சத்திரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் “மூணு செபமால” என்பார்கள். ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடிக்க நடக்கும் தூரம் ஒரு செபமாலை. முன்னால் போகும் அம்மா ஒவ்வொரு மணிக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வார். பின்னால் வரும் நாங்கள் மறுபாதியைச் சொல்வோம். செபிக்கும்போது அம்மா திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் என் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. நொண்டி நொண்டிக் கடைசி ஆளானேன். அம்மாவின் அண்ணன், என் மாமா, அரிசி மூட்டை கட்டிய டிவிஎஸ்ஸை ஆள் நடையில் ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஏறுடி.”

“அம்மா நேந்துகிட்டாங்க மாமா.”

“மாதாவே கழுத மேல ஏறித்தான் எகிப்துக்குப் போனாங்க. நீ என்ன அவுங்களுக்கு மேலயா?”

மறைக்கல்வி வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள் நான். அந்தக் கழுதைப் படம் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மறுபாதியை மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். ஒரு செபமாலை முடிகிற நேரத்தில் ஒரு மதகருகே இறங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சிதம்பரத்தில் அம்மா என் காலை வெந்நீரில் கழுவிக்கொண்டே வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்: “எம் பொண்ணு ஒரு அடி வண்டியில ஏறல.” மாமா இருமினார். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் அம்மா அதையே சொன்னார். அப்போது இருமுவதற்கு மாமா இல்லை.

நான் விலங்கியல் படித்தவள். வீசிங் குடும்பத்தில் தொடர்ந்து வரும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் மூச்சுக்குத் திணறும் பாப்பாவின் விலா உள்வாங்கும்போது, குறைந்துபோன அந்த ஒரு செபமாலைதான் என் மனதில் ஓடுகிறது. நேற்று அவள் கண்ணயர்ந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது போகட்டும் என்பார் என்று.

“எந்த எடத்துலடி ஏறுன?” என்றார் அம்மா.

“புதுச்சத்திரம் தாண்டி, ஒரு பெரிய புளியமரத்துகிட்ட. எறங்குனது ஒரு மதகுகிட்ட.”

“காலையில வா. நடந்துட்டு வந்துருவோம்.”

“உனக்கு மூட்டுவலிம்மா.”

“மூட்டுதான வலிக்குது? பொய் சொன்னது என் வாயாச்சே. இருவது வருஷமா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.”

இன்று காலை பாப்பாவை அவள் அப்பாவிடம் விட்டேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. அவள் மார்பில் இரண்டு முறை காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். புதுச்சத்திரம் தாண்டி அம்மாவும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கினால், எங்கள் ரோடு நான்குவழிச் சாலைக்குள் எங்கோ புதைந்துவிட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு புளியமரம் இல்லை.

“இங்கியா?”

“தெரியலம்மா.”

“அப்ப அங்கியா?”

“தெரியலம்மா.”

அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “எடம் போனா போவுது. ஒரு செபமால நடப்போம்.”

அம்மா முன்னால், நான் பின்னால். அன்று அத்தனை பேருக்குக் கடைசியில் வந்த எனக்கும் அம்மாவின் குரல் கேட்டது, காலடியில் சருகு நொறுங்குவதுகூடக் கேட்டது. இன்று இரண்டு அடி பின்னால் நடந்தும், லாரிகளுக்கு நடுவே முதல் பாதி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக மறுபாதியைத் தொடங்கினேன். சில முறை முந்திவிட்டேன் போலிருக்கிறது. விரலிடுக்கில் எத்தனையாவது மணி என்பதும் தவறிவிட்டது. அம்மாவுக்கும் தவறியிருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று எப்போதோ முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகும், அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார்.