மூச்சு முட்டும் லேப்டாப்

"கேம் திக்கித் திக்கி ஓடினா, முதல்ல உள்ளே இருக்கிற விசிறியைப் பாரும்மா" என்று எனக்குச் சொன்னது என் மகன் குமரேசன்தான், 2008ல் திருப்பூரில் லேப்டாப் ரிப்பேர் கடை திறந்த அன்று. எட்டாவது வரை படித்த நான் கல்லாவில் உட்காரவும் தூசி தட்டவும் பழகினேன். இந்தத் தொழிலில் லேப்டாப்பைவிடச் சீக்கிரம் சூடாவது கடைக்காரர்தான். கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குக் கைமுதல் என்று இருந்தது, 'குமரேசன் ஏமாத்த மாட்டான்' என்ற பேர் ஒன்றுதான். அதற்கு உலை வைத்தவர் செந்தில், பனியன் கம்பெனி ஒன்றில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் சூப்பர்வைசர்.

விசிறிக்குள் பஞ்சு

கார் ரேஸ் கேம் ஆடவென்றே செகண்ட்ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார். "ரேம் பத்தலைங்க, காரு மாட்டுவண்டியாட்டம் போவுது" என்று கொண்டுவந்தார். குமரேசன் ரேம் என்ற அந்த மெமரி சில்லை விற்றிருக்கலாம். விற்கவில்லை. திறந்து, விசிறியிலிருந்து விளக்குத்திரி மாதிரி பஞ்சை உருவினான். சூடு தாங்காமல் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றான். மாட்டியதும் கார் பறந்தது. செந்தில் பஞ்சை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது எங்க கம்பெனி பஞ்சு இல்லீங்க. நாங்க எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"

கரண்ட் போனால்

கரண்ட் போனதும் கேம் இழுக்கிறது என்று அடுத்து செந்திலிடமிருந்து போன். பேட்டரியில் ஓடும்போது மிச்சம் பிடிக்க மெஷின் மெதுவாகிவிடும், ஒயரைச் செருகி ஆடுங்கள் என்று குமரேசன் பொறுமையாகச் சொன்னான். தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம். நாங்களே மெழுகுவத்தி வைத்து ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க, கரண்ட் இல்லாதப்ப ஆடத்தானுங்க லேப்டாப்பே வாங்குனது?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தார். தையல் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு லேப்டாப்புக்கும் வைத்திருக்கிறார். நல்ல விஷயம். வைத்த இடம்தான், சூடான காற்று வெளியேறும் துளைகள்! ஒன்றுகூட விடாமல் சந்தனத்தை அப்பியிருந்தார். விளக்கேற்றிக் கும்பிடாமல் கடை திறக்காதவள் நான். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல் பிரஷ்ஷால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினேன். மூடியில் வைத்திருக்கலாமே கண்ணு என்றேன்.

"மூடி பளபளன்னு இருக்குதுங்கம்மா, கறை புடிச்சுக்கும்."

நாலு பேர் முன்னால்

அடுத்த முறை அவர் வந்தபோது கடை நிறைய ஆள். கேம் மறுபடி திக்குகிறதாம். "என்ர ரேமைக் கழட்டிட்டு ஓட்டை ரேமை மாட்டி உட்டுட்டான். திருட்டுக் கடை!" என்று கத்தினார். காத்திருந்த இரண்டு பேர் தங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். குமரேசன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். பெற்ற பிள்ளைகளை அதட்டி அறியாத எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்கே வெச்சு ஆடறீங்க? காட்டுங்க" என்று கம்பெனிக்கே அவர் பின்னால் போனேன்.

மெத்தை மாதிரி ஒரு பனியன் துணிக்கட்டு. அதன் மேல் வைத்துத்தான் ஆட்டம்! அடியில் காற்று இழுக்கும் துளை துணிக்குள் புதைந்து கிடந்தது. ஒரு பலகையைப் போட்டு, அதில் வைத்து, சூடு ஆறும்வரை நின்றேன். கார் பறந்தது. "இப்பச் சொல்லுங்க, யாரு திருடன்?" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கோவத்துல ஒரு வார்த்தை வந்துருச்சுங்க, அதப் போயி பெருசு பண்றீங்க."

கிளம்பிப் போன அந்த இரண்டு பேர் திரும்ப வரவே இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: யாரையும் திருடன் என்று சொல்வதற்கு முன்னால், லேப்டாப்பைத் துணியிலிருந்து எடுத்து ஒரு பலகை மேல் வைத்துப் பாருங்கள்.