கழிவுத் தண்ணீர்ச் சீதாலெட்சுமி

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் மாலைப் பேருந்தில் ஏறியதும் சீதாலெட்சுமி நேராகக் கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுகிறார். விஷயம் தெரியாமல் பக்கத்தில் உட்காருபவர்கள் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் முன்னால் நகர்ந்துவிடுவார்கள். அவர் மேல் ஏறிய செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவின் புளித்த வாடை எந்தச் சோப்புக்கும் மசிவதில்லை. "எனக்கு எப்பவும் ரெண்டு சீட்டு லா அண்ணே," என்று என்னிடம் சிரித்தார்.

வயது முப்பத்தாறு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, வேதியியல் படித்து, ஆராய்ச்சி நிலையமொன்றில் சேர்ந்தவர். குளிரூட்டிய ஆய்வுக்கூடம் கிடைத்திருக்கும். அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஓர் எண்ணெய் ஆலையின் பின்புறத்தில் நிற்கும் இரும்புத் தொட்டியை.

எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் கழிவுத் தண்ணீரைக் காற்றுப் புகாமல் அதில் மூடி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று எரிவாயுவை விடும். வாயுவில் மின்சாரம் எடுக்கலாம், ஓடையும் நாறாது. டீசல் வாங்க வழியில்லாத நாடுகளுக்கெல்லாம் இது கைகொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. கிருமிகளை அவர் 'பிள்ளைங்க' என்றுதான் சொல்கிறார். காலையில் வந்ததும் தொட்டிச் சுவரில் காதை வைப்பார். உள்ளே கொப்பளிக்கும் சத்தம் கேட்டால்தான் தேநீர்.

போன ஆண்டு காய்ப்பு உச்சத்தில் ஆலையின் கழிவுக் குட்டைகள் நிரம்பி வழிந்தன. மேலாளர் ராதாகிருஷ்ணன், இவரைக் கேட்காமல், வழிந்ததையெல்லாம் தொட்டிக்குள் திருப்பிவிட்டார். ஒரே வாரத்தில் தொட்டி புளித்துவிட்டது. வாயுக் குழாயின் நுனியில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றவில்லை. தொட்டியிலிருந்து புளித்த தண்ணீர் போய் விழுந்த ஓடையிலோ மீன்கள் செத்து மிதந்தன. ஆராய்ச்சி நிலையத் தலைவர் வந்து பார்த்தார். பொங்கலுக்குள் எரியாவிட்டால் திட்டத்தை மூடிவிடலாம் என்று சொல்லிப் போனார்.

சீதாலெட்சுமி மேலாளர் அறைக்குப் போனார்.

"தொட்டி, பந்தியில மூணு தடவ உக்காந்த வயிறு மாதிரி கெடக்கு, மிஸ்டர் ராதா. இனிமே நான் சொல்லாம ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது."

ஆலையை நிறுத்த முடியாது என்று அவர் இழுத்தார். இவர் தொட்டிக்குக் கழிவு போகும் குழாயின் பூட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தொட்டியைப் பட்டினி போட்டார். சுண்ணாம்பு கரைத்து ஊற்றிப் புளிப்பை முறித்தார். உயிருள்ள கிருமிக்கு வேறோர் ஆலையின் பழைய குட்டைச் சேறு வேண்டியிருந்தது. லோரி நாறிப்போகும் என்று ஓட்டுநர் தம்புசாமி தயங்கினார். அவர் பக்கத்து இருக்கையில் சீதாலெட்சுமியே ஏறி உட்கார்ந்துகொண்டு போய்ச் சேற்றை ஏற்றி வந்தார். பிறகு பத்தியக்காரிக்குச் சோறு போடுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை உள்ளே விட்டார். வாரங்கள் போயும் தொட்டி ஊமையாகவே இருந்தது. ஒரு மதியம் அதன் நிழலில் உட்கார்ந்து அழுததையும் அவர் என்னிடம் மறைக்கவில்லை.

மார்கழி மழை விட்ட ஒரு காலையில் சுவருக்குள் சத்தம் கேட்டது. முதலில் ஒரு முனகல். பிறகு சோற்றுப் பானை கொதிப்பதுபோலத் தொடர்ந்து. ஓடிப்போய்க் குழாயில் தீக்குச்சியைக் காட்டினார். முழ உயரத்துக்கு நீலச் சுடர் எழுந்து நின்றது. ராதாகிருஷ்ணன் அறையிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்றார்.

பொங்கலன்று அந்த வாயுவில் ஜெனரேட்டர் ஓடி, ஆலைத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. அங்கே குடியிருக்கும் வீரம்மா பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அந்த நாத்தமா மிஸ் இப்படி எரியுது?"

"அதேதான்கா. நல்லா பாத்துக்குங்க."

இப்போது ஆலையின் கழிவு முழுவதும் அவர் சொல்லும் அளவில்தான் தொட்டிக்குள் போகிறது. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தார் ஓடையில் மறுபடி தூண்டில் போடுகிறார்கள். திட்டத்தை மூடிவிடலாம் என்ற நிலையத் தலைவர் இன்னும் இரண்டு தொட்டிகளுக்கு அனுமதி வாங்கித் தந்திருக்கிறார்.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது இலங்கை, தாய்லாந்து, கென்யா நாட்டுப் பொறியாளர்கள் தொட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். இந்தத் திட்டத்தை நடத்துபவர் யார் என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். சேற்றில் முழங்கை வரை கைவிட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமி நிமிர்ந்தார். ராதாகிருஷ்ணன் அவசரமாக ஒரு துண்டை நீட்டினார். சீதாலெட்சுமி அதை வாங்கவில்லை. கறுப்புச் சேறு சொட்டும் வலக்கையை அப்படியே அந்தப் பெரியவரிடம் நீட்டி, அவர் பற்றிக் குலுக்கும் வரை நீட்டியபடியே நின்றார்.