துணி அடைத்த கிட்டார்

எங்கள் இன்னிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள், கல்யாண வரவேற்புகள், அவ்வளவுதான் எங்கள் எல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. மேடையில் எனக்கென்று போடும் நாற்காலி போய்விடுமோ என்ற பயம் முதல் கச்சேரியிலிருந்தே உண்டு. கம்பி அறுந்தால் என்ன செய்வது, பஸ் தவறினால் என்ன செய்வது என்று எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பேன். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம், கரண்ட் போனால்.

அந்தப் பயத்தில்தான் அந்த கிட்டாரை வாங்கினேன். தொண்ணூற்றெட்டு வாக்கில் மற்ற குழுக்காரர்கள் எல்லாரும் முழு மரத்தில் செய்த எலக்ட்ரிக் கிட்டார்தான் வைத்திருந்தார்கள். வயரைப் பிடுங்கினால் அதில் சத்தமே இருக்காது. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வீட்டில், அவர் துபாயிலிருந்து மகனுக்கென்று கொண்டுவந்த கிட்டார் பெட்டியோடு கிடந்தது. அடர்சிவப்பு. நடுவில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் உள்ளே கூடு. மேலே வயலினில் இருப்பதுபோல இரண்டு வளைந்த துளைகள். இதை செமி ஹாலோ என்பார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. தலைப்பக்கம் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"பேரு தெரியாத சாமான் தம்பி. பாய் தலையில கட்டிட்டாருன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது, நல்லா பாத்துக்குங்க" என்றார்.

வயர் இல்லாமல் மீட்டிப் பார்த்தேன். சின்னதாக, ஆனால் காதில் விழுகிற மாதிரி ஒலித்தது. எனக்கு அது போதும்.

குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். எங்கள் எல்லாருக்கும் அண்ணன். எல்லாரும் வைத்திருப்பதை விட்டுவிட்டு ஏன் இப்படி என்று முகத்தைச் சுளித்தார். டிரம்ஸ் வாசிக்கிறவன், "ஊரே முழுசா வாங்குது, மாப்ள மட்டும் பொத்தல் வுழுந்ததா பாத்து வாங்கியாந்திருக்கான்" என்றான்.

ஆண்டிமடத்தில் பாட்டின் நடுவே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. கூட்டம் எழுந்திருக்கப் பார்த்தது. நான் மேடை விளிம்புக்குப் போய் அதே மெட்டை வாசித்தேன். முன்வரிசை அடங்கியது, அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் போனால் அண்ணன் என் பக்கம் திரும்பி, தாடையை லேசாக அசைப்பார். அவ்வளவுதான். நான் வாசிப்பேன்.

சில வருஷத்தில் பெரிய பெரிய சவுண்டு பாக்ஸ்கள் வந்துவிட்டன. அந்தச் சத்தம் கிட்டாரின் கூட்டுக்குள் புகுந்து, அது திருப்பிக் கூவ ஆரம்பித்தது. ஆலத்தியூரில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் மேடையேறி வந்து என் வயரைப் பிடுங்கினார். வேனில் திரும்பும்போது அண்ணன் சத்தம் போடவில்லை. "அடுத்த கச்சேரியிலயும் இது கத்துச்சுன்னா, நீ வூட்டுலயே இருந்துக்க" என்றார்.

மறுநாள் மனைவியின் பழைய சேலையைக் கிழித்து, ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் துளைகள் வழியாக உள்ளே திணித்தேன். கூடு நிறையும்வரை திணித்தேன். கூவல் நின்றது. நாற்காலி தப்பியது என்று நினைத்தேன்.

குன்னத்துத் திருவிழாவில் கரண்ட் போனது. அண்ணன் பழக்கத்தில் என்னைப் பார்த்துத் தாடையை அசைத்தார். எழுந்து விளிம்புக்குப் போய் மீட்டினேன். தலையணையைத் தட்டுவதுபோல இருந்தது. எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். பிறகு நிறைய விசில். கரண்டுக்குப் பயந்து வாங்கியதை, நாற்காலிக்குப் பயந்து நானே அடைத்து வைத்திருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அண்ணன் திட்டவில்லை. கொஞ்ச நாளில் புது கீபோர்டு வாங்கினார். ஒரு பட்டனை அமுக்கினால் அதிலேயே கிட்டார் வரும். அதை எனக்கு வாசித்தும் காட்டினார். நன்றாகவே இருந்தது.

"அப்ப நான் வரணுமாண்ணே?"

"நாற்காலி ஒனக்குத்தான்டா, யாரும் எடுக்கல. செவப்பா, பெருசா, மேடைக்கு எடுப்பா இருக்குல்ல. வயரு மட்டும் வேணாம்."

"சரிண்ணே."

வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிறகு ஒரு கம்பியை வளைத்துத் துணியை வெளியே இழுத்தேன். கூவுவதற்கு இனி வழியில்லை, துணி எதற்கு. எங்கள் பக்கத்து சிமெண்டு ஆலைகளின் தூசி படிந்து சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. மனைவி அதை வாங்கி அடுப்படியில் கரித்துணியாகப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகும் எல்லாக் கச்சேரிக்கும் போனேன். வயர் இல்லாமல் எல்லாப் பாட்டையும் சரியாகவே வாசித்தேன். டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தப்பு விடுவோமோ என்ற பயமும் இல்லை.

அரியலூரில் ஒரு சாயங்காலம் மறுபடி கரண்ட் போனது. கூடு காலியாக இருந்தது, விரல்கள் கம்பி மேல்தான் இருந்தன. அண்ணன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.