பதில் பாடாதவர்

அத்தையைப் பெண் பார்க்க விக்கிரமங்கலத்துக்காரர்கள் வந்த அன்று, அவள் விடிந்ததிலிருந்து பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். அப்பாவின் தங்கை. தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை அம்மாதான் எடுத்துவிட்டாள். அந்த வருஷம் யார் யாரோ வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பச்சைப் புடவையைக் கட்டி, அதே தட்டைத் தூக்கி, அத்தைக்கு அலுத்துப் போயிருந்தது. இப்போது கல்யாணம் வேண்டாம், பெரம்பலூரில் தையல் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா காதில் வாங்கவில்லை. வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவதாக இருந்தார்.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பில், வந்தவர்களுக்கு நேர் எதிரே சட்டமாக உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். ஊர்த் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷமும் கட்டுவாராம். அதைப் பெருமையாகச் சொன்ன அவருடைய மாமா, பொண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நாடகப் பாட்டு ஒன்று உண்டு. தோட்டத்தில் தனியாக இருப்பவளிடம் ராஜா ஆசையைச் சொல்லும் தர்க்கப் பாட்டு. நீ எனக்கு வேண்டாம், வந்த வழியே போ என்பாள் அவள். ராஜா பதில் பாடுவார். அதற்கு மேல் அவள் சம்மதித்தாக வேண்டும். பாட்டு அப்படித்தான் முடியும்.

அத்தை அவள் பங்கைப் பாடினாள். மேடையில் அதைப் பாடுகிறவர்கள் கண்ணைச் சுழற்றி, சிரித்துக்கொண்டேதான் போகச் சொல்வார்கள். அத்தை சிரிக்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையே பார்த்துப் பாடினாள். நல்ல குரல் என்றார்கள் எல்லோரும்.

“என்ன மாப்ள, பொண்ணு போன்னுட்டுது. எடுத்து வுடு பதில” என்றார் மாமா. வீடே சிரித்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, வாய் வைக்காத காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கு இப்பக் கல்யாணம் வேணாங்க மாமா. கெளம்பலாம்.”

அவருடைய அப்பா எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். வீட்டிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டார். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

ராஜா வேஷக்காரருக்குப் பதில் பாட்டு மறந்துபோய்விட்டது, மானம் போகிறதே என்று ஓடிவிட்டார் என நான் முடிவுகட்டினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். எனக்குப் புரியாதது அத்தைதான். உன் ராசியே இப்படித்தான் என்று அப்பா வாசலில் கத்திக்கொண்டிருந்தார். அவள் அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஆறிப்போனதை ஒரு சொட்டு விடாமல் நிதானமாகக் குடித்தாள்.