மகிழ்ந்து பாடச் சொன்னவர்

ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், செருப்பைக் கழற்றிவிட்டு மாதா கோயிலுக்குள் போகிறவள் நான் ஒருத்திதான். போன ஞாயிறு பதிலுரைப் பாடல் பாடுவது என் முறை. வெறுங்காலோடு மேடை ஏறி, எங்கள் ஊர் எண்ணூரில் பாடுவதுபோலவே தொண்டை கிழியப் பாடினேன். இங்கே மற்றவர்கள், தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பாடுவார்கள். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா ஃப்ராவ் பெக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலில் அடிபட்டிருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எவ்வளவு மகிழ்ச்சியாகப் பாடினாய்!" என்றார். டாங்கே என்று நன்றி சொன்னேன். மகிழ்ச்சியாம், மண்ணாங்கட்டி! நான் பாடியது முழுக்க ஆத்திரம்.

ஆத்திரம் முதலில் கடவுள்மேல், பிறகு என்மேல். என் தம்பி சேவியர் எண்ணூர் ஆற்றில் மீன் பிடிக்கிறவன். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மாலைப் பூசையின் பதிலுரைப் பாடல் பல வருடமாக அவனுடையது. பெஞ்சில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் தட்டிவிட்டு உட்கார்ந்த சனம், அவன் ஒரு வரி பாடினால் கைதட்டித் திருப்பிப் பாடும். போன வாரம் எந்த ஆலைக்காரன் கழிவைத் திறந்துவிட்டானோ, ஆறு முழுக்க எண்ணெய். வலையெல்லாம் தார், இறால் செத்து மிதந்தது. எங்கள் கத்தோலிக்கச் சபையில் உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே பாடல்தான். அந்த ஞாயிறுக்கு வந்து விழுந்ததோ, ஆண்டவரை மகிழ்ந்து பாட வாருங்கள் என்று அழைத்து, அவர் குரலைக் கேளுங்கள், மனத்தைக் கல்லாக்காதீர்கள் என்று எச்சரிக்கும் பாடல். சனிக்கிழமை தம்பி போன் போட்டான்.

"அக்கா, நான் பாட மாட்டேன். சோப்பு போட்டாலும் கையில ஆயில் நாத்தம் போவல. இந்தக் கையத் தட்டிகினு இன்னா சந்தோசமா பாடறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெதுவெதுப்பான அறையில் காபியோடு உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்தேன். "சந்தோசம் வந்தா பாடறது இல்லடா அது. பாடுன்னு ஆண்டவர் சொல்லிக்கீறாரு, கீழ்ப்படியணும்."

"ஆலைக்காரனும் வாய மூடிகினு கீழ்ப்படின்னுதான் சொல்றான். சாமியும் அதான் சொல்லுதா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். மறுநாள் காலை அதே பாடலைப் பாடியபோது ஒவ்வொரு வரியும் என் வாயில் கசந்தது.

மதியம் தம்பி மனைவி ரோசி எண்ணூர்க் கோயிலிலிருந்து வீடியோ கால் போட்டாள். அங்கே மாலைப் பூசை. மைக்கில் தம்பிக்குப் பதில் ஒரு பெண் நின்றிருந்தாள். சனம் கைதட்டிப் பாடியது, எண்ணெயில் நாறும் அதே கைகள்தான். தம்பி மட்டும் கடைசித் தூணில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. என் சமையலறையில் நின்று, அவனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பல்லவியைப் பாடினேன். போனில் தாமதமாகி, அங்கே எல்லாரும் முடித்த பிறகுதான் என் குரல் போய்ச் சேர்ந்தது. தனியாக ஒலித்த அதைக் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி வந்து ரோசியிடமிருந்து போனை வாங்கினான்.

"நீ பாடுக்கா. உங்க ஊர்ல தண்ணி சுத்தமா கீது."

உங்க ஊராம்! போன் அணைந்தது. சன்னலுக்கு வெளியே இந்த ஊர் ஆறு அடித்தரை தெரியத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.